பெயர் ஏறும் வரை

மே 2, 2022, திங்கள்

வரவிருக்கும் ஊராட்சித் தலைவர் இடைத்தேர்தலில் வாக்களிக்க, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ இன்று வட்டாட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வந்தேன். வீடு மாறியவர்களுக்கு 8ஏ போதும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்; ஆனால் அது ஒரே தொகுதிக்குள் மாறுகிறவர்களுக்கு உரியது. நான் பரமக்குடித் தொகுதியை விட்டு ராமநாதபுரம் தொகுதிக்கு வந்திருப்பதால், புதிதாகச் சேருகிறவர்கள் நிரப்பும் படிவத்தைத்தான் நானும் நிரப்ப வேண்டும். பழைய முகவரியையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதி, அங்கிருந்து என் பெயரை நீக்கிவிடலாம் என்ற உறுதிமொழியின் கீழ்க் கையெழுத்திட்டேன்.

மே 9, திங்கள்

விசாரணைக்கு யாரும் வரவில்லை.

மே 17, செவ்வாய்

வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார். எங்கள் பகுதிக்கு அங்கன்வாடிப் பணியாளர்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். மதினியிடமும் பக்கத்து வீட்டிலும் நான் இங்கே நிலையாகத் தங்கியிருக்கிறேனா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மோர் கொடுத்ததைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார். ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் உண்டு. அது கழிந்த பிறகே வாக்காளர் பதிவு அலுவலர் உத்தரவிடுவார்.

இரவெல்லாம் ஒரே நினைப்பு. ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம், அது நியாயமும்கூட. ஆனால் பரமக்குடியில் பெயரை நீக்கிவிட்டு, இங்கே ஏதோ ஒரு காரணத்தால் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால், நான் எந்த ஊர் வாக்காளர்? மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தலைமைத் தேர்தல் அதிகாரி இருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த வழிகள் எல்லாம் முடிவதற்குள் இந்தத் தேர்தல் முடிந்திருக்கும். முப்பது ஆண்டுகள் ஆசிரியையாகத் தேர்தல் பணி பார்த்து, மற்றவர்களின் விரல்களுக்கு மை வைத்தவளுக்கு இந்த நிலை.

ஜூன் 3, வெள்ளி

அண்ணனின் இளைய மகள், எங்கள் சின்னவள், கைப்பேசியில் தேடிக் காட்டினாள். பெயர் ஏறிவிட்டது: புதிய பாகம், புதிய வரிசை எண், அதே பழைய புகைப்படம்.

மகிழ்ச்சி மாலை வரைதான் நீடித்தது. இது சட்டமன்றத் தொகுதியின் பட்டியல். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சிக்கு நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். முன்னதன் பட்டியலைக் கொண்டுதான் பின்னது வார்டு வாரியான பட்டியலைத் தயாரிக்கிறது என்பதால், சட்டமன்றப் பட்டியலில் ஏறாத பெயர் ஊராட்சிப் பட்டியலில் ஏறாது. ஏறிய பெயராவது வந்து சேர்ந்துவிட்டதா என்பதை அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஜூன் 15, புதன்

மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. அண்ணன் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு மண்டபத்திலிருந்து விசைப்படகில் போயிருக்கிறார். வீட்டில் தேர்தலைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஜூன் 19, ஞாயிறு

நாளிதழில் வந்த செய்தியைச் சின்னவள் உரக்கப் படித்தாள். வாக்காளராகப் பதினெட்டு வயது நிறைந்ததா என்று கணக்கிட இனி ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. புதிய விதிகள் ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. படித்துவிட்டு நாளிதழை மடித்து வைத்தாள், ஒன்றும் பேசவில்லை.

அவளுக்கு மார்ச் மாதம் பதினெட்டு வயது நிறைந்தது. இப்போதுள்ள விதிப்படி ஜனவரி 1 அன்று பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதால் இந்தத் தேர்தலில் அவளுக்கு வாக்கில்லை. சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது சென்ற டிசம்பரில், விதிகள் வந்தது இந்த வாரம், நடைமுறை ஆகஸ்டில், எங்கள் வாக்குப்பதிவோ ஜூலை 9. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறவள் அவள். ஊராட்சித் தலைவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பது இந்த வீட்டில் யாரையும்விட அவளுக்கே நன்றாகத் தெரியும். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு வாக்கு இருக்கும்போலத் தெரிகிறது, அவளுக்கு இல்லை.

ஜூன் 20, திங்கள்

வேட்புமனுத் தாக்கல் தொடங்கிவிட்டது.

ஜூன் 24, வெள்ளி

ஊராட்சி அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்தேன். வார்டின் பக்கங்களைப் புரட்டி, கடைசியில் இணைத்திருந்த துணைப் பட்டியலுக்கு வந்தபோது விரல் நடுங்கியது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. என் பெயர் இருக்கிறது. அப்பா பெயரில் ‘ழ’ போய் ‘ல’ வந்திருக்கிறது. அதற்காக வாக்கை மறுக்க மாட்டார்கள். ஆளை அடையாளம் காண முடியாத அளவுக்குப் பிழை இருந்தால்தான் சிக்கல். இருந்தாலும் அப்பாவின் பெயர் அல்லவா, தேர்தல் முடிந்ததும் படிவம் 8 கொடுத்துத் திருத்திவிடுவேன்.

ஜூன் 29, புதன்

கோயில் திடலில் கூட்டம் நடந்திருக்கிறது. மீதமுள்ள இரண்டரை ஆண்டுக்குத் தேர்தல் எதற்கு, கோயில் திருப்பணிக்குத் தொகை தருபவரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் மனுவைத் திரும்பப் பெற்றால் ஊருக்கு நல்லது என்று பெரியவர்கள் பேசினார்களாம். இதை ஒற்றுமை என்கிறார்கள். பதவியை ஏலம் விடுவது குற்றம் என்று ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலின்போதும் எச்சரிக்கிறார்கள். ஏலம் என்ற பெயரைச் சொல்லாமல் நடத்தினால் அது ஏலமில்லை என்று இங்கே நினைக்கிறார்கள். கூட்டத்தில் பெண்கள் ஒருவரும் இல்லை. என் பெயரைப் பட்டியலில் ஏற்ற நான் அலைந்த அலைச்சலெல்லாம் நாளை பிற்பகலுக்குள் வீணாகிவிடலாம்.

ஜூன் 30, வியாழன்

ஒருவர் மட்டும் திரும்பப் பெற்றார். இருவர் நிற்கிறார்கள், தேர்தல் உண்டு. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் ஒருவருக்குப் பூட்டு சாவி, இன்னொருவருக்கு ஆட்டோ.

ஜூலை 4, திங்கள்

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை என்பதை இன்றுதான் அண்ணன் யோசித்தார். விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. தேர்தலுக்காக ஒரு சனிக்கிழமையை விட்டால் அந்த வாரத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், படகுக்காரரும் காத்திருக்க மாட்டார். தேதி குறித்தவர்களுக்குப் பாக் நீரிணையின் கிழமைகள் தெரிந்திருக்காது.

ஜூலை 8, வெள்ளி

மதினியின் வாக்காளர் அட்டையைக் காணவில்லை. குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார், அது செல்லாது. பூத் சிலிப்பும் வரிசை எண்ணைத் தெரிந்துகொள்ளத்தான் உதவுமே தவிர அடையாளச் சான்று ஆகாது. ஆதார், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஏதேனும் ஒன்று போதும் என்று சொல்லி, ஆதாரைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளச் செய்தேன். அட்டை தொலைந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்கு உண்டு. பெயர் இல்லாவிட்டால் பளபளக்கும் அட்டை இருந்தும் பயனில்லை.

ஜூலை 9, சனி

ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது அண்ணன் வரிசையில் முதல் ஆளாக நின்றார். மை காய்வதற்குள் இருசக்கர வாகனத்தில் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டார். நாளை பக்ரீத் என்பதால் சென்னையிலிருந்து வந்திருந்த பிள்ளைகளும் அத்தர் மணக்க வரிசையில் நின்றார்கள். சாதாரண சனிக்கிழமையாக இருந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள்.

என் பெயரை அலுவலர் உரக்க வாசித்தார். முகவர்கள் இருவரும் தலையசைத்தார்கள். இடது ஆள்காட்டி விரலில் மை. இங்கே இயந்திரம் இல்லை, தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. முத்திரையை ஒரே சின்னத்தின் கட்டத்துக்குள் அழுத்தி, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்தேன். மாற்றி மடித்தால் ஈரமை எதிர்ச் சின்னத்தின் மேல் படியும், எண்ணும்போது தகராறு வரும். இந்த ஊரில் சில சீட்டுகள் வித்தியாசத்தில்கூடத் தலைவர் மாறலாம் என்பதால் கொஞ்சம் பொறுத்து, ஊதிவிட்டுத்தான் மடித்தேன்.

சின்னவள் வாக்குச்சாவடியின் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். சொல்லவில்லை.

ஜூலை 11, திங்கள்

நாளை எண்ணிக்கை. அண்ணன் கடலுக்குப் போயிருக்கிறார். ஆகஸ்ட் 1 முதல் படிவங்களும் மாறுகின்றன என்பதால் பழைய படிவத்தை வாங்கி நிரப்ப வேண்டாம் என்று சின்னவளிடம் சொல்லி, பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் இரண்டு நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். எந்தத் தேர்தலுக்கு என்று கேட்கிறாள்.