'கால்': ஜி.ஆர்.இ. சொற்பட்டியலில் ஏமாற்றும் நான்கெழுத்து

ஜி, ஏ, எல், எல். அழைப்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியை மட்டும் 'கங்கை'யின் முதல் ஒலிபோல மாற்றிச் சொன்னால் இதன் உச்சரிப்பு. ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பெரும்பாலானோர் மனப்பாட அட்டையில் 'திமிர், கசப்பு' என்று இரண்டு பொருளை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தேர்வில் இடறுவது அங்கேதான். இந்தச் சொல்லைப் பொருளோடு மட்டும் படித்தால் போதாது, அது வாக்கியத்தில் உட்காரும் இடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தச் சொல்லின் ஆதி அர்த்தம் பித்தநீர். பித்தப்பைக்கு ஆங்கிலத்தில் 'கால்பிளாடர்', பித்தக்கல்லுக்குக் 'கால்ஸ்டோன்' என்பதில் அது இன்னும் இருக்கிறது. பித்தம் கசக்கும், அதிலிருந்து மனக்கசப்பு, காழ்ப்பு. வெட்கமில்லாத துணிச்சல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் வந்தது.

தேர்வில் அதிகம் வருவது இந்தக் கடைசிப் பொருள்தான். 'ஹேவ் த கால் டு' என்ற சொல்லமைப்புக்குள், அடுத்து வினைச்சொல்லோடு வரும். 'த' விடுபடக் கூடாது. 'எ கால்' என்று எழுதினால் தவறு, ஏனென்றால் இந்தப் பொருளில் இது எண்ணத்தகாத பெயர். வாங்கிய கடனைத் திருப்பாதவர் மேலும் பணம் கேட்டால், 'ஹி ஹேட் த கால் டு ஆஸ்க் ஃபார் மோர்'. தமிழில் 'என்ன நெஞ்சழுத்தம்!' என்போமே, அந்தத் தொனி. துணிச்சலைக் குறிக்கும் 'அடாசிட்டி' பாராட்டாகவும் வரலாம். 'கால்' பாராட்டாக வராது. 'எஃப்ரன்டரி', 'இம்பியூடன்ஸ்' இரண்டும் நெருங்கிய இணைகள். 'டெமெரிட்டி' சற்று விலகியது, அதில் வெட்கமின்மையைவிட விளைவை எண்ணாத அசட்டுத் துணிச்சலே மேலோங்கும். ஒரு வெற்றிடத்துக்கு ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இந்த வேறுபாடு முக்கியம்: இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பாதி மதிப்பெண் கிடையாது.

வினைச்சொல்லாக வந்தால் திமிரை மறந்துவிடுங்கள். சேணம் உரசிக் குதிரையின் தோலில் உண்டாகும் புண்ணுக்கும் இதே பெயர். உரசிப் புண்ணாக்குவதிலிருந்து, மனத்தை உறுத்தி எரிச்சலூட்டுவது என்ற பொருள் வினைக்கு வந்தது. 'காலிங்' என்ற பெயரடை பெரும்பாலும் ஆளை அல்ல, நிலைமையைக் குறிக்கும்: தன்னைவிடத் திறமை குறைந்தவரிடம் தோற்பது 'காலிங்'. வெறும் எரிச்சல் அல்ல, தன்மானத்தில் பட்ட அடி. வாக்கியத்தில் அநீதியோ அவமானமோ தெரிந்தால் இந்த விடையைக் கவனியுங்கள். 'திமிரான' என்று எடுத்தால் தவறு.

அறிவியல் பத்தியில் பன்மையில் 'கால்ஸ்' என்று வந்தால் அது செடியின் புடைப்பு. பூச்சி, சிலந்திப்பேன், பூஞ்சை, பாக்டீரியா போன்றவற்றால் உண்டாவது. நாட்டு மருந்தில் வரும் மாசிக்காய் அப்படி ஓக் மரத்தில் உண்டாவதுதான். இது லத்தீன் 'கல்லா'விலிருந்து வந்த வேறு சொல், எழுத்து மட்டும் ஒன்று.

'கேலன்ட்' இதன் உறவு அல்ல. அது வீரமும் பண்பும் உள்ளவரைப் புகழும் சொல். எழுத்தொற்றுமையை நம்பி இரண்டையும் ஒரே அட்டையில் எழுத வேண்டாம்.