நீள்வாள் பிடி: ஆறு வாரப் பயிற்சிக் குறிப்பு

எடுத்தது இரு கையால் பிடிக்கும் ஜெர்மானிய மரபு நீள்வாளின் பயிற்சி வடிவமான ஃபெடர். நீளம் 130 செ.மீ., எடை 1.4 கிலோ, கைப்பிடி 28 செ.மீ. கவனித்தது முக்கியமாக வலது கட்டைவிரலை. நீள்வாள் பயிற்சியில் அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று.

முதல் இரு வாரம் சுத்தியல் பிடி, அதாவது சுத்தியலைப் பிடிப்பதுபோல் விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொள்வது. விரல்களின் நடுக்கணுக்கள் வெட்டும் விளிம்புக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் வெட்டு, சுற்றுக்கு 10 வீதம் 3 சுற்று. மூன்றாம் நாளே முன்கை கல்லாக இறுகியது. காரணம் எடை அல்ல, ஓயாத இறுக்கம். இதே பழக்கம் நீடித்தால் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் பிடிக்க, ஆள்காட்டி விரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். வாள் மோதும் கணத்தில் மட்டும் கை முழுவதும் இறுக வேண்டும்.

மூன்றாம் வாரம் கனத்த கையுறை. வெறுங்கையில் சரியாக இருந்த பிடி இங்கே கெட்டது. கையைக் குறுக்குக் காப்போடு (கைப்பிடிக்கும் அலகுக்கும், அதாவது வெட்டும் பகுதிக்கும், நடுவே குறுக்காக நிற்கும் இரும்புத் தண்டு) ஒட்டிப் பிடித்தால், எதிராளியின் வலுவான வெட்டைத் தடுக்கும்போது அந்த இரும்பு திரும்பிவந்து கையுறையில் கட்டைவிரலை மூடும் கடினக் கவசத்தை இடிக்கும். அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். காப்புக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு விரல் அகலம், சுமார் 2 செ.மீ., விட்டதும் இடி நின்றது. அந்த இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் பார்க்காமலே கைக்குத் தெரியும். இதனால் இடது கைக்கு இடம் குறைகிறது. அந்தக் கையின் அடிப்பகுதி கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழின் மேல் உட்காரலாம், பாதகமில்லை.

மீதி வாரங்கள் முழுக்க ட்ஸ்வெர்க்ஹாவ் என்ற கிடைவெட்டுக்கு. லீக்டெனவர் என்ற பழைய ஜெர்மானிய வாள் ஆசானின் மரபில் வரும் ஐந்து முதன்மை வெட்டுகளில் இது ஒன்று. கைப்பிடி தலைக்கு முன்னால் உயர, கட்டைவிரல் அடியில் வர, வலமிருந்து பின்விளிம்பால் (வாளைப் பிடித்தவர் பக்கம் இருக்கும் விளிம்பு) வெட்டுவது. சுத்தியல் பிடியிலேயே முயன்றால் மணிக்கட்டு மடங்கும், வாள் தட்டையாக விழும். வாளைக் கைக்குள் கால் சுற்று உருட்டி, கட்டைவிரலின் சதைப்பகுதியை அலகின் தட்டைப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும். மோதும்போது அலகு கீழே சரியாமல் தாங்குவது அந்த விரல்தான். சரிபார்க்க எளிய வழி: கிடையாக நீட்டிய வாளின் நுனிப்பகுதியைத் துணைவர் ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்தட்டும். அலகு சுழன்றால் விரல் விளிம்பை நோக்கி நகர்ந்துவிட்டது என்று பொருள்.

ஆபத்து வெட்டு முடிந்த பிறகுதான். கட்டைவிரல் காப்பைத் தாண்டி அலகிலேயே நின்றுவிட, அதே பிடியில் அடுத்த மேல்வெட்டைத் தடுத்தால், சறுக்கி இறங்கும் எதிர்வாள் நேராக நகத்தில் வந்து நிற்கும். அதனால் பயிற்சியைச் சோடியாக மாற்றியது பலன் தந்தது: ஒரு கிடைவெட்டு, உடனே விரலை இழுத்துச் சுத்தியல் பிடி, ஒரு தடுப்பு. பாதி வேகத்தில் 10 முறை தவறாமல் வந்த பிறகே முழு வேகம்.

ஒற்றைக்கை வாளில் ஆள்காட்டி விரலைக் காப்புக்கு மேல் போடும் பிடியும் உண்டு. அந்த விரலைக் காக்கும் இரும்பு வளையம் இல்லாத வாளில் இணைப் பயிற்சிக்கு அதை அறவே தவிர்க்கவும்.