பள்ளிவாசல் தெருவில் கலாம் வீடு

ராமேஸ்வரம் போகிறவர்கள் கோயிலும் தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் கூட இருந்தால் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் கலாம் வீட்டுக்கும் கட்டாயம் கூட்டிப் போங்கள். மாடியில் இப்போது காட்சியகம். 1997இல் வாங்கிய பாரத ரத்னா, படங்கள், புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் எங்கள் வீட்டு வாண்டுகளைப் பிடித்து நிறுத்தியது நான் சொன்ன பேப்பர் கதைதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால், ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள், அதைப் பிடித்துக் கொடுத்துத்தான் சிறுவன் கலாம் முதல் சம்பளம் வாங்கியிருக்கிறார். "ரயில் நிக்கவே நிக்காதாப்பா?" என்று சின்னவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதே காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்து, பொறுக்கிக்கொண்டு போய் இதே தெருக் கடையில் போட்டால் நாளுக்கு ஓரணா. அது எத்தனை பைசா என்று பெரியவன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அப்பா ஜைனுலாப்தீன் படகுக்காரர், பள்ளிவாசல் இமாம். இதையெல்லாம் அந்தத் தெருவிலேயே நின்று சொன்னால் பிள்ளைகள் கேட்கிற விதமே வேறு. பேய்க்கரும்பில் 2017இல் திறந்த நினைவிடம் பெரியது, அதையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் முதலில் வீடு, அப்புறம் அங்கே.