பச்சைச் சீழ்

ஜூன் 4

சாயல்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா இன்று வார்டுக்கு வந்தார். சீமைக்கருவேல மூட்டத்தில் புகை கசிந்த இடத்தை மண் போட்டு மூட மேலே ஏறியிருக்கிறார். உள்ளே கட்டை வெந்து குழிவிழுந்தது வெளியே தெரியவில்லை. இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. இது நடந்து 9 நாளாகிறது. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை. 2 நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டார். மறுபடி காய்ச்சல், வேறு கடை, வேறு மாத்திரை.

ஜூன் 5

காலில் வெந்த புண்ணுக்குப் போட்டிருந்த துணிக்கட்டைப் பிரித்தேன். உள்துணி பச்சையாக ஊறியிருந்தது. பழுத்த திராட்சை போல ஒரு இனிப்பு வாடை. சூடோமோனாஸ் என்ற கிருமிதான் என்று மனசு சொல்லிவிட்டது. ஆனால் மனசை நம்பி மருந்து எழுத முடியாதே. சலைன் விட்டுக் கழுவி, பஞ்சுக்குச்சியில் சீழ் எடுத்து, என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

“பவரான ஊசி போட்டா சரியாயிராதா சிஸ்டர்?” என்றான் மகன். கடலுக்குப் போகாமல் அம்மா பக்கத்திலேயே கிடக்கிறான். ஊசி மருந்து ரத்தத்தோடுதான் போகும், கருகின தோலில் ரத்த ஓட்டமே இல்லையேப்பா, அதை வெட்டி எடுத்தால்தான் வழி என்றேன்.

ஜூன் 8

ரிப்போர்ட் வந்தது. சூடோமோனாஸ்தான். மருந்துப் பெயர்களுக்கு நேரே ஆர், ஆர், ஆர். அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். பவரான மருந்து என்கிற மெரோபெனமுக்கும் ஆர். டாக்டர் கொலிஸ்டின் எழுதினார். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து; வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இதைத்தான் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கோழி, இறால் பண்ணை எதிலும் கூடாது என்று இந்தியாவில் தடை வந்ததே 2019-இல்தான். நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜூன் 9

சர்ஜன் கருகின தோலை ரத்தம் கசியும் வரை செதுக்கி எடுத்தார். கசிந்தால்தான் உயிருள்ள சதை. இனி தினமும் மெலிதாகக் கலந்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸ் துணி வைத்துக் கட்டு. வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். சூடோமோனாஸுக்கு அது ஆகாது.

ஜூன் 13

அடுத்த கட்டிலில் பாம்பன் பையன் ஒருவன், போட்டில் அடுப்பு குப்பென்று பற்றிக் கை வெந்தவன். அவன் புண் இன்னும் சுத்தமாக இருக்கிறது. அக்காவின் கிருமி அவனுக்குப் போனால் எங்கள் கை வழியாகத்தான் போகும். இன்று குளோவ்ஸோடு குழாயைத் திருகப் போனேன். சட்டென்று நினைவு வந்து, கழற்றி வீசிவிட்டு முழங்கை வரை கழுவினேன். கை நடுங்கியது.

ஜூன் 17

3 நாளாகக் காய்ச்சல் இல்லை. துணியில் பச்சை இல்லை. புண்ணின் அடியில் சிவப்பாக, மணல் மணலாகப் புதுச்சதை. தொடையில் தோல் எடுத்து ஒட்டுவது பற்றி சர்ஜன் பேசிவிட்டுப் போனார்.

“எப்ப தாயி மூட்டத்துக்குப் போகலாம்?” என்று கேட்டார் அக்கா. “முதல்ல முட்டையைச் சாப்பிடுங்கக்கா” என்றேன்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் நேற்றைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. காலையில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.