குறைமாதக் குழந்தையும் கிளிசரின் சப்போசிட்டரியும்: வைவாவுக்குப் படிக்கிறவர்களுக்கு

எம்.டி. குழந்தைகள் நல மருத்துவ வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சாதாரணமாகத் தொடங்கி ஆளைத் திணறடிக்கும் கேள்வி ஒன்று உண்டு. சென்னையில் நான் தேர்வு எழுதியபோது என் பங்குக்கும் அது வந்தது: “கர்ப்பத்தின் 29ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை. நான்காம் நாளாகியும் மெக்கோனியம் சரியாகப் போகவில்லை, பாலைக் கூட்டவும் முடியவில்லை. கிளிசரின் சப்போசிட்டரி வைப்பீர்களா?” மெக்கோனியம் என்பது பிறந்த குழந்தையின் முதல் கருமலம்; சப்போசிட்டரி என்பது ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்துக் குச்சி.

உடனே ஒரு பக்கம் சாயாதீர்கள். ஆசனவாய் திறந்திருக்கிறதா, வயிறு உப்பி இறுகியிருக்கிறதா, வாந்தி பச்சையா, மலத்தில் ரத்தம் உண்டா என்று பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு வர வேண்டும். பச்சை வாந்தியோ ரத்தமோ இருந்தால் குடல் அடைப்பா, நெக்கா (NEC, குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியுற்று அழுகும் நோய்) என்ற சந்தேகம் வந்துவிட்டது. பாலை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நேரம் அது. சப்போசிட்டரிக்கு அங்கே வேலையில்லை.

அவை இல்லையென்றால், ‘மலம் போக உதவலாம், பாலைக் கூட்ட உதவும் என்று சொல்ல முடியாது’ என்பதுதான் பதில். அடுத்து வரும் “ஏன்?” தான் மதிப்பெண் உள்ள இடம். கிளிசரின் மலக்குடலில் நீரை இழுத்து, சற்றே உறுத்தி, மலத்தைத் தள்ள வைக்கிறது. அதன் வேலை பெரும்பாலும் அந்தக் கீழ்க்கோடியோடு சரி. பால் ஏறாததற்கு முக்கியக் காரணமோ மேலே இருக்கிறது: இரைப்பையும் சிறுகுடலும் ஒழுங்காக அலையலையாகச் சுருங்கும் திறன் ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்தில்தான் கைகூடும். ஆகவே மலம் சீக்கிரம் போவது வேறு, முழுப் பாலை, அதாவது குழந்தைக்குத் தேவையான அளவு முழுவதையும் பாலாகவே கொடுக்கும் நிலையை, எட்டுவது வேறு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பில் 3 ஆய்வுகள், 185 குழந்தைகள். முன்கூட்டியே கிளிசரின் கொடுத்தும் முழுப் பாலை எட்டும் நாள் குறையவில்லை. இந்த எண்களை ஒப்பிப்பதில் பெரிய புண்ணியமில்லை. ஒவ்வொரு ஆய்வும் எதை அளந்தது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்துப் படித்தேன். தேர்வாளர் அங்கேதான் தோண்டினார். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து கிளிசரினால் நெக் வராது என்று அடித்துப் பேச முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“அப்படியானால் என்ன செய்வீர்கள்?” தாய்ப்பால், அது போதாவிட்டால் எழும்பூரில் இருப்பதுபோன்ற தாய்ப்பால் வங்கியின் பால், எழுதிவைத்த அட்டவணைப்படி படிப்படியாகக் கூட்டுவது, தாயின் மார்போடு தோல்படக் குழந்தையை வைத்திருக்கும் கங்காரு அணைப்பு. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

தாயிடம் பேசிக் காட்டும் பகுதியை யாரும் படிப்பதில்லை. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைக்கச் சொல்லும் பாட்டி நம் ஊரில் இன்னும் இருக்கிறார். “நீங்கள் செய்வதும் அதுதானே, டாக்டர்?” என்று தாய் கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள். இந்தக் குழந்தையின் மலக்குடல் மிக மெல்லியது, காம்பு குத்திக் கிழித்துவிடக்கூடும், கிருமியும் ஏறும் என்று நேராகச் சொல்லுங்கள், அம்மா என்று அழைத்து.