வளவுக்குள் ஒரு வால்

ஊருக்குள் செய்தி பரவிவிட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் வீட்டில் நான் ஏரோப்ளேன் செய்து முடித்துவிட்டேன் என்பது பொய். முடித்திருப்பது வால் மட்டும்தான், அதிலும் செங்குத்தாக நிற்கும் பாகம். ரடர் என்பார்கள், படகுக்குச் சுக்கான் எப்படியோ அப்படி. டீக்கடையில் "எப்பண்ணே பறக்கும்?" என்று கேட்கிற தம்பிகளுக்கு இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதிப் போடுகிறேன்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்றே ஒரு ஊர் இருக்கிறது. அங்கிருக்கும் ஜெனித் நிறுவனம் சிஎச் 750 என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிறது. வடிவமைத்தவர் கிறிஸ் ஹைன்ட்ஸ், ஒரு காலத்தில் கான்கார்டில் வேலை பார்த்தவர். ஒலியை முந்தும் விமானத்தில் கைவைத்த மனிதர், தகரக் கத்தரியும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிக்கான கன்னும் வைத்திருக்கிற எவனும் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி ஒன்றை வரைந்திருக்கிறார் என்பதுதான் என்னை இழுத்தது. முழு செட்டையும் வாங்குவதற்கு முன்னால் ரடரை மட்டும் தனியாக வாங்கிச் செய்து பார்க்கலாம். நம்மால் முடியுமா, வீட்டில் விடுவார்களா, இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும்.

பெட்டி வந்து சேர்ந்ததே ஒரு கதை. மேலே "விமான பாகம்" என்று எழுதியிருந்ததால் ஒரு அலுவலகத்தில் எந்த விமானக் கம்பெனிக்கு என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். அதற்கப்புறம் 11 நாள் பெட்டி அங்கேயே இருந்தது. அதை விடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு இப்போது அந்த வீடு வேறு மாதிரித் தெரிகிறது. முகப்பிலிருந்து நடு முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, கடைசிக் கட்டு வரைக்கும் வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, இந்தத் தெருவில் நின்றால் பின்தெரு தெரியும். ஒரு பக்கத்து இறக்கை 13 அடி சொச்சம். நகரத்து ஃப்ளாட்டில் அதைத் திருப்புவதற்கே வழி இல்லை, இங்கே நேராகத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடலாம். ஐயா காலத்தில் கல்யாணப் பந்தியும் சீர்வரிசையும் போய்வரத்தான் இப்படிக் கட்டியிருப்பார்கள். இறக்கையும் போகும்.

ஆனால் தரை காலை வாரியது. வேலை மேசை துல்லியமாக மட்டமாக இருக்க வேண்டும், மேசை முறுக்கிக்கொண்டிருந்தால் அதன்மேல் கட்டுகிற பாகமும் முறுக்கிக்கொண்டுதான் வரும். பளபளவென்று இருக்கிற வளவுத் தரையை நம்பி மேசையைப் போட்டேன். பக்கத்து வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இதுல வாட்டம் இருக்குங்க, மழைத் தண்ணி வெளியே போகணும்ல" என்றார். டியூப்பில் தண்ணி பிடித்து இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 8 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம்! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்குப் பலகைகளைக் காலுக்கடியில் சீவிச் சீவி வைத்து மட்டம் பிடிக்க இரண்டு நாள் ஆனது. லேசர் மட்டம் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். 30 ரூபாய் டியூப் போதும்.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் ஓட்டைதான். தொழிற்சாலையில் சின்ன ஓட்டைகள் போட்டே அனுப்புகிறார்கள். 0.4 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை எலும்புக்கூட்டின்மேல் போர்த்தி, ஓட்டையைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கி, கிளீக்கோ என்ற ஸ்பிரிங் ஊசியை அதில் குத்தி நிறுத்த வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் இரண்டு பக்கமும் பிசிர் எடுத்து, திரும்ப மாட்டி, அதற்கப்புறம்தான் ரிவெட். போட்டதைக் கழற்று, கழற்றியதைப் போடு. ஆத்தா ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "காலையில இருந்த மாதிரியேதாம்ப்பா இருக்கு" என்றார்கள். உண்மைதான்.

சித்திரை மாதம் ஒரு மதியம் ஓட்டைகள் பொருந்தவே இல்லை. காலையில் பொருந்திய அதே தகடு. என் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் விஷயம் என்னவென்றால், வளவின் திறந்தவெளி வழியாக வெயில் இறங்கி வெளியே வைத்திருந்த தகட்டின்மேல் விழுந்திருக்கிறது, எலும்புக்கூடு நிழலில் இருந்திருக்கிறது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 23 பங்கு நீளும். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றரை மீட்டர் தகடு 25 டிகிரி கூடச் சூடானால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்கு நிறுத்திவிடுவேன்.

தெரியாமல் செய்த தப்பு அது. தெரிந்தே செய்ததும் ஒன்று உண்டு. ஓட்டையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும், 3.2 மில்லி ரிவெட்டுக்கு 6.4 மில்லி. ஒரு இடத்தில் ட்ரில் வழுக்கி 4 மில்லியில் போட்டுவிட்டேன். தகடு மேலே வந்தால் யாருக்கும் தெரியாது, மூடிவிடலாம் என்று ஒரு ராத்திரி முழுக்க மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தத் துண்டுக்கு மாற்று எழுதிப் போட்டேன், வர 5 வாரம். கெட்ட துண்டு இப்போது வாசலில் சாவி மாட்டும் தகடு.

உதவிக்கு வந்த ஆசாரியிடம் மட்டும் ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன், பாவம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தகட்டில் கோடு போட்டார். தேக்கில் போடலாம், அலுமினியத்தில் கூடாது. பென்சில் கரி என்பது கிராஃபைட், ஈரம் பட்டால் அந்தக் கோட்டின் வழியாகவே அலுமினியம் அரிபட ஆரம்பிக்கும். மார்க்கர் பேனாதான். "ஒரு பென்சிலுக்கு இவ்வளவா" என்றார். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு உலோகம் அரிப்பதைப் பற்றி அசட்டையாக இருக்க முடியுமா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் வருஷக்கணக்காக ஆராய்கிற விஷயங்களில் அதுவும் ஒன்று.

மற்ற கேள்வி, அனுமதி. மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியிலேயே 6 பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார், பதிவு கிடைத்தது 2017இல். ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில் 4 பேர் உட்காரும் ஸ்லிங் கிட் விமானத்தை முடித்துக் குடும்பத்தோடு நாடு நாடாகப் போய்வந்தார். அங்கே கட்டுகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கட்டக் கட்ட வந்து பார்க்க இன்ஸ்பெக்டர் இருக்கிறார். இங்கே தனி ஆள் தனியாகத்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கதவைத் தட்ட வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டி தானாக மெதுவாகும். அதைப் பற்றி இப்போது பேசுவது வால் மட்டும் இருக்கிற ஆளுக்கு அழகில்லை.

இன்னொரு சிக்கலையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உடல் பகுதியின் அகலம் 42 அங்குலம். வீட்டின் இரண்டாவது நிலைவாசலை அளந்தேன், 38. அளவு நாடாவோடு நான் நிற்பதைப் பார்த்த ஆத்தா, "நிலையில கை வச்சே..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அது கார் கொட்டகையில்தான்.

இந்த நேரத்தில் பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடும் படைப்பு வந்தது. வீட்டில் எங்களுக்கு இருப்பது நாலில் ஒரு பங்கு. சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கினால், படையல் போட வேண்டிய வளவின் நடுவில் ஒரு மேசையும் அதன்மேல் முள்ளம்பன்றி மாதிரி செப்பு நிறத்தில் 200 கிளீக்கோ குத்தி நிற்கிற வாலும். மூத்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். "பொது இடம்டா இது" என்றார். மட்டம் பிடித்த இரண்டு நாளை நினைத்து வயிறு எரிய மேசையை இரண்டாங்கட்டுக்கு மாற்றினேன்.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அண்ணன் அங்கே வந்து நின்றார். "எப்படிறா போடுறது, காட்டு" என்றார். ரிவெட்டை ஓட்டையில் செருகிக் கன்னைக் கையில் கொடுத்தேன். இந்தக் கன்னின் மூக்கு உள்பக்கம் குழிவாக இருக்கும், அழுத்தும்போது தட்டையாக இருக்கிற ரிவெட் தலை குமிழாக மாறும், கம்பி டக்கென்று முறியும். டக். அந்தச் சத்தத்துக்கு 68 வயது மனிதர் சிரித்ததைப் பார்க்க வேண்டும். விரலால் தடவித் தடவிப் பார்த்தார், பக்கத்தில் மார்க்கரால் தன் இனிஷியலைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் கார் கிளம்பிய பிறகு வெளிச்சத்தில் பார்த்தால் கன்னைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், தலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருந்தது. ட்ரில் போட்டு எடுத்துவிட்டு வேறு போட்டேன். இனிஷியலை அழிக்கவில்லை. வாரா வாரம் போன் பண்ணி, "என் ரிவெட் எப்படிறா இருக்கு?" என்று கேட்கிறார். நல்லா இருக்குண்ணே என்கிறேன்.