வீடு, பசு, வயல், பிறகுதான் மாப்பிள்ளை

செக் நாட்டின் பிர்னோவுக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், மொழி வகுப்பில் 'பன்னிரண்டு மாதங்கள்' கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். செக் பெண் எழுத்தாளர் பொசெனா நெம்சோவா ஸ்லோவாக்கிய மக்களின் கதைகளைத் திரட்டி 1850களின் பிற்பகுதியில் வெளியிட்டவற்றில் அதுவும் ஒன்று. இங்கே 500 கொரூனா நோட்டில் இருப்பது அவர் முகம்தான்.

மூத்த தாரத்து மகள் மருஷ்கா. சித்தியும் அவள் மகள் ஹொலெனாவும் நடு ஜனவரியில் வயலெட் பூ பறித்து வரச்சொல்லி அவளைப் பனிக்குள் துரத்துகிறார்கள். அடுத்து ஸ்ட்ராபெர்ரி, அதற்கடுத்து ஆப்பிள். மலையுச்சியில் பன்னிரண்டு மாதங்களும் ஆண்களாக நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர் காயலாமா என்று பணிவாகக் கேட்ட மருஷ்காவுக்காக ஜனவரி தன் இடத்தை மார்ச்சுக்கு விட்டுக்கொடுக்க, பனிக்குள் பூ பூக்கிறது. வெடுக்கென்று பேசிய ஹொலெனா பனியில் மடிகிறாள். தேடிப்போன தாயும் திரும்பவில்லை.

நல்ல பெண் பிழைத்தாள் என்றது வகுப்பு. எனக்கு அது போதவில்லை. சித்திக்கு ஏன் அவ்வளவு வன்மம்? கதையே சொல்கிறது: மருஷ்கா நாளுக்கு நாள் அழகாகிறாள், பெண் பார்க்க வருகிறவர்கள் ஹொலெனாவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணத்தை விட்டால் வேறு கதியில்லாத ஊரில், ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள் எதிரிகளாகத்தான் ஆவார்கள். கொடுமைக்காரச் சித்தி என்று முடித்துவிட்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

அப்போது என் வதிவிட அனுமதி கணவரின் வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வேலை போனால் நானும் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் கவுண்டருக்கு முன்னால் குரலைத் தாழ்த்திச் சிரித்துப் பேசியிருக்கிறேன். அதனால் மருஷ்காவின் பணிவை வெறும் நற்குணமாக என்னால் படிக்க முடியவில்லை. நெருப்பு அவர்கள் கையில் இருந்தது. அவள் வேறெப்படிப் பேசுவாள்? ஹொலெனா பேசியது தவறுதான். அதற்குச் சாவா தண்டனை?

நெம்சோவாவுக்கும் 17 வயதில், தன்னைவிட மிகவும் மூத்தவரோடு கல்யாணம் செய்துவைத்தார்கள். நிம்மதியில்லாத அந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் எழுதினார். 1862இல் வறுமையில் இறந்தார். ஆகவே இந்தக் கதையை அவர் முடிக்கும் விதம் எனக்குப் பெரிதாகப்படுகிறது. குடிசை, பசு, துண்டு வயல் எல்லாம் மருஷ்காவுக்கு வந்து சேர்கின்றன. அதன் பிறகே, அந்த வீட்டுக்கு ஒரு ஆண் துணை கிடைத்ததாக ஒரே வரி. அவளைக் காப்பாற்ற எந்த இளவரசனும் வரவில்லை. சொத்து முதலில், துணை பிறகு. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வரிசையைத்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது எனக்கென்று தனி அனுமதி இருக்கிறது, வேலையும் இருக்கிறது. நூலக வாசிப்பு வட்டத்தில் அடுத்ததாக நெம்சோவாவின் உப்புக் கதையை எடுத்திருக்கிறோம். உப்பைப்போல் உங்களை நேசிக்கிறேன் என்று சொன்ன மகளை அப்பா அரண்மனையைவிட்டே துரத்துகிறார். அவளைச் சேர்த்துக்கொள்வது காட்டில் வாழும் ஒரு கிழவி. அந்தக் கிழவியைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.